கொம்புப்பூவுக்காக விட்ட ஆறடி

மழையில்லாத கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் லயத்துக்கு மேலே இருந்த பைனஸ் காடு மழை பெய்வதைப் போலவே சத்தம் போடும். எங்கோ மேட்டில் தொடங்கி, மெல்ல நெருங்கி, இதோ நம் தகரத்தின் மேல் விழப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில் அப்படியே அடங்கிப்போகும். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் காய்ந்த துணியை எடுக்க ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நானும் ஓடுவேன். "அது சும்மா அழுவும், தண்ணி வராது" என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வார். வெளியே வந்து பார்த்தால் வானம் வெளுத்துக் கிடக்கும், கொடியில் துணி முறுமுறுவென்று காய்ந்திருக்கும், நான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன்.

இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தோட்டம். கீழே தேயிலை, அதற்கு மேலே தொழிலாளர் குடும்பங்களுக்குப் பன்னிரண்டு காம்பராக்களை வரிசையாகக் கட்டிய எங்கள் லயம், லயத்துக்கு மேலே புல் மட்டும் வளர்ந்த சரிவு, அதற்கும் மேலே பைனஸ். அந்தப் புல் சரிவைப் 'பத்தன' என்போம். முன்பு மலை உச்சிவரைக்கும் பத்தனையாகவே இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்னால் அரசாங்கம் பைனஸ் கன்றுகளைக் கொண்டுவந்து மேல் பாதியில் நட்டது. அப்பாவும் கூலிக்குக் கன்று சுமந்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போன தொண்ணூறுகளில் அவை அண்ணாந்து பார்க்கும் மரங்களாகி, அடியில் ஊசி இலை மெத்தை போல விழுந்து கிடந்தது. அந்த மெத்தையில் எதுவும் முளைக்காது. நாங்கள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலி நூலாக இறங்குவதற்கும் பைனஸ்தான் காரணம் என்று லயத்துப் பெரியவர்கள் பழி போட்டார்கள். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில், காட்டின் நிழலும் விழாமல், பத்தனையின் ஆளுயர மானாப் புல்லும் நெருங்காமல், புல் கட்டையாக வளர்ந்த ஒரு மெல்லிய விளிம்பு இருந்தது. கொம்புப்பூ அங்கேதான் பூத்தது. அந்தப் பெயர் எங்கள் லயத்துப் பிள்ளைகள் வைத்தது. வேறு எங்காவது அதற்கு வேறு பெயர் இருக்கலாம். தரையோடு ஒட்டித் தடித்த இலை இரண்டோ மூன்றோ, நடுவில் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இளஞ்சிவப்புப் பூக்கள். ஒவ்வொரு பூவும் முக்காடு போட்ட சின்னப் பெண்ணைப் போல இருக்கும், முக்காட்டுக்குப் பின்னால் இரண்டு கொம்புகள் கீழே வளைந்து தொங்கும். கொம்பின் நுனியைக் கடித்தால் நாக்கில் இனிப்பின் ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான். புல் ஈர்க்கைப் பூவுக்குள் விட்டு இழுத்தால் நுனியில் மஞ்சளாக இரண்டு குருணை ஒட்டிக்கொண்டு வரும். பூவுக்கு வந்துபோகும் வண்டின் தலையிலும் அதே மஞ்சள் குருணையைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு இலை விடும், கார்த்திகையில் பூக்கும், தை கடந்தால் காயிலிருந்து மாவு போல விதை பறக்கும். பிறகு இலையும் காய்ந்து மண்ணோடு போய்விடும். மழை திரும்பும் வரைக்கும் அங்கே அப்படி ஒரு செடி இருந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. மற்றப் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள், என்னால் முடியாது. கண்ணில் படாத எதையும் போய்விட்டது என்று நினைத்துக் கலங்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் பூக்கும் காலத்திலேயே ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு தேயிலைக் குச்சியை ஊன்றி வைத்தேன். முப்பத்தெட்டுக் குச்சி.

அப்படியும் மனசு ஆறாமல் ஒரு பங்குனியில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன், மிச்சம் முப்பத்தேழு. கீழே இரண்டு கிழங்குகள் இருந்தன. ஒன்று சுருங்கி வதங்கி, மற்றது சின்ன உருளைக்கிழங்கு போல விறைப்பாக. பாதி செத்துவிட்டது என்று பயந்து இரண்டையும் கடதாசியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது நிலத்திலை வளருற ஓர்க்கிட் பிள்ளை. வாடினது முடிஞ்ச வருசத்துக் கிழங்கு, மற்றது வாற வருசத்துக்கு. மண்ணுக்குள்ளை ஒரு பூஞ்சணம் இருக்கு, அதின்ரை உதவி இல்லாட்டி உதின்ரை விதை முளைக்காது. பிடுங்கிக் கொண்டுபோய் வேறை இடத்திலை வைச்சால் அநேகமாச் செத்துப்போம். இனிக் கிண்டிப்போடாதையும்."

நான் அழுதிருக்க வேண்டும். அவர் குரலை இறக்கி, "கார்த்திகையிலை பூத்தவுடனை சொல்லும், வகுப்பையே கூட்டிக்கொண்டு வாறன் பாக்க" என்றார். என்னிடம் இருந்த ஒன்றைப் பார்க்க யாராவது வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு. அப்பா பைனஸ் காட்டுக்கு 'வாட்ச்சர்' வேலை பார்த்தார். காய்ந்த மாதங்களுக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக வேலை. மாடு வைத்திருப்பவர்கள் முற்றிய மானாப் புல்லுக்குத் தீ வைப்பார்கள், சாம்பலில் மழை விழுந்ததும் இளம்புல் துளிர்க்கும், மாடு ஆசையாகத் தின்னும். அது வழிவழியாக இருந்த பழக்கம். காடு வந்த பிறகு தடை போட்டார்கள், அதன் பிறகு களவாகக் கீழே ஒரு மூலையை மட்டும் எரித்தார்கள், அப்பா காவலுக்குப் போன பிறகு இரண்டு வருடமாக அதற்கும் யாரும் துணியவில்லை. மூன்றாவது வருடம் தொடங்கும்போது, காட்டைப் பொறுப்பில் வைத்திருந்த அதிகாரி, 'பீட் மாத்தயா' என்போம், அப்பாவிடம் சொல்லியிருந்தார், இந்த வருடமும் காடு எரியாமல் இருந்தால் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்று. தன்னுடைய பழைய காக்கி ஷேர்ட் ஒன்றையும் கொடுத்தார். அம்மா அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். எங்கள் லயத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துக் காத்து நிற்காத முதல் ஆளாக அப்பா ஆகப்போகிறார் என்று அம்மா நம்பினார். "நெரந்தரமானா நீ எம்புட்டு வேணாலும் படிக்கலாம்" என்று என்னிடம் சொன்னார்.

ஆனியில் ஓர் உத்தரவு வந்தது. காட்டுக்கும் பத்தனைக்கும் நடுவே தீ தாண்டாமல் இருக்க வருடா வருடம் மண் தெரியச் செதுக்கி விடுவார்கள். அதைக் 'கினிபட்டி' என்பார்கள். அதுவரை ஆறடி அகலமாக இருந்த பட்டியைப் பன்னிரண்டு அடியாக்க வேண்டும். கூடுதல் ஆறடி கீழ்ப்பக்கமாக, அதாவது என் குச்சிகள் இருந்த விளிம்பில் இறங்கியது.

அப்பா மம்பட்டியும் சுரண்டியுமாக ஒரு கோடியிலிருந்து செதுக்கிக்கொண்டு வந்தார். குச்சிகளுக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது நான் அவர் முன்னால் போய் நின்றேன். அங்கே காய்ந்த புல்லையும் என் குச்சிகளையும் தவிர ஒன்றும் இல்லை.

"என்னா இருக்கு இங்க?" என்றார்.

"கீழ இருக்குப்பா. வெட்டுனா வாற வருசத்துக் கெழங்கும் போயிரும்."

"பூவுக்காகப் பட்டிய விட்டேன்னு சொன்னா பீட் மாத்தயா என் தோல உரிச்சு இதுலயே காயப்போடுவாரு."

"சார் வகுப்போட வாறேன்னு சொல்லிருக்காருப்பா."

அவர் சிரித்தார். பிறகு மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு என் குச்சிகளை எண்ணிப் பார்த்தார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு மேலே போனபோது பட்டி என் குச்சிகளைக் கடந்து போயிருந்தது. இருபுறமும் பன்னிரண்டு அடி சிவந்த மண். குச்சிகள் இருந்த நான்கு பாகம், கை விரித்தால் நான்கு ஆள் நீளம், அவ்வளவுக்கு மட்டும் பழைய ஆறடி. மிச்ச ஆறடியில் புல்லைக் கத்தியால் ஒட்ட அறுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விட்டிருந்தார். "மேல மட்டுந்தான் செரைச்சு விட்டுருக்கேன். போதுமா தாயி?" என்றார்.

போதும் என்று சொன்னேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பூவைப் பற்றிய பயம் போய் அந்த இடத்தைப் பற்றிய பயம் வந்துவிட்டது. கச்சான் அடிக்க அடிக்க பைனஸ் ஊசிகள் பட்டியில் வந்து விழும். எண்ணெய்ப் பசை உள்ள ஊசி, கொளுத்தினால் சடசடவென்று பிடிக்கும். மற்ற இடங்களை அப்பா பார்த்துக்கொள்வார். அந்த ஒல்லியான இடத்தை நானே தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டினேன். பக்கத்துக் காம்பரா ராசம்மா சித்தி பட்டிவரைக்கும் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். என் கையில் விளக்குமாற்றைக் கண்டு வாயில் வெற்றிலையோடு சிரித்தார்.

"காட்டக் கூட்டுற புள்ளைய இன்னைக்குத்தான்டி பாக்குறேன். வீட்டக் கூட்டச் சொன்னா இடுப்பு நோவுதாம், மலையக் கூட்டுறாளாம் மகராசி!"

இரண்டு மாதம் கூட்டினேன். ஆவணி முடியும் வேளையில் கிழக்கே மேகம் கட்டியது. காற்று ஈரமாக அடித்தது, மேலே காட்டில் மழைச் சத்தம் கேட்டது. "இந்தா, எறங்கிருச்சு" என்று லயம் முழுக்கச் சொன்னார்கள். அப்பாகூட, "இனி மழ வந்துரும், பயமில்ல" என்றார். மூன்று நாள் நான் மேலே போகவில்லை. அந்த மூன்று நாளும் பாயில் படுத்துக்கொண்டு, பயமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. நான்காம் நாள் மேகம் கலைந்து, கச்சான் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது.

அன்று மத்தியானம் பத்தனை பற்றிக்கொண்டது. யார் வைத்தது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. மழை வரப்போகிறது என்று நம்பித்தான் வைத்திருப்பார்கள். மழைக்கு முன்னால் எரித்தால்தானே புல் துளிர்க்கும். வருடக் கணக்கில் எரியாமல் நின்ற மானாப் புல் ஆளுயரத்துக்கு எரிந்து மேலே ஏறியது. ஆண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தார்கள். நாங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தோம். புகை ஒரு சுவர் போலப் பட்டிவரைக்கும் போய் நின்றது. நின்றுவிட்டது என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஓரிடத்தில், ஒரே இடத்தில், புகை பட்டிக்கு அந்தப் பக்கம் எழுந்தது. அது என் குச்சிகள் இருந்த இடம்தான் என்று அந்தத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். பைனஸ் பால் எரியும் வாசனை அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மரங்கள் ஒவ்வொன்றாகத் திரி போல எரிந்தன.

அப்பாவை இருட்டுவதற்குள் தூக்கி வந்தார்கள். வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. காக்கி ஷேர்ட்டின் கை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பீட் மாத்தயா வந்து கையில் கட்டோடு இருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு பட்டியில் நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் தன் சப்பாத்தால் அடி வைத்து அளந்துகொண்டே வந்தார். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. என் இடத்தில் ஆறில் நின்றார். மேலே கரிந்த மரங்கள், கீழே கரிந்த புல், நடுவில் குச்சிகளின் கருகிய நுனிகள்.

"மாரிமுத்து, இங்க மட்டும் ஏன் சின்னது?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவர் என்ன செய்திருக்கப் போகிறார்? வாய் வரைக்கும் வந்தது. குனிந்து கருகிய குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன் மாத்தயா" என்றார் அப்பா.

பீட் மாத்தயா கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கடுத்த நாள் அப்பாவைப் போலீசுக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் போலீசுக்குப் போனால் திரும்பி வரும் வரைக்கும் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அந்தி சாய அப்பா நடந்து வந்தார். வாட்ச்சர் வேலை அதோடு முடிந்தது.

கை ஆற நாலைந்து மாதமாயிற்று. ஆறிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. மழை பிடித்து, எரிந்த பத்தனையில் இளம்புல் துளிர்த்த நாளிலிருந்து, காலையில் கதவைத் திறந்தால் வாசல்படியில் ஒரு செம்பு பால் இருக்கும். ராசம்மா சித்தியின் செம்பு. அம்மா பாலைக் காய்ச்சி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுச் செம்பைக் கழுவித் திரும்ப வைத்துவிடுவார். சித்திக்காவது ஈடாக வைப்பதற்குப் பால் இருந்தது. நான் என்னத்தை வைப்பது? பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. அப்பாவுக்குக் கையாக யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று நானே சொன்னேன், அம்மா கொழுந்துக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வாத்தியார் முகத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் பாதிக் காரணம். அதை எவரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகையில் கொம்புப்பூ பூத்தது. முப்பத்தேழு அல்ல. கரிந்த சரிவு முழுவதும், பட்டியிலிருந்து லயத்துக் கோடி வரைக்கும், கருகி நின்ற பைனஸ் மரங்களின் ஓரத்திலும்கூட, எண்ண முடியாத அளவுக்கு, கரிக்கு மேல் இளஞ்சிவப்பாக நின்றது. இத்தனை காலமும் மானாப் புல்லின் இருட்டுக்குள் இலை மட்டும் விட்டுக்கொண்டு கிழங்காகக் கிடந்திருக்கிறது. புல் எரிந்து வெளிச்சம் விழுந்ததும் எல்லாம் சேர்ந்து எழுந்துவிட்டது. தீ அதை ஒன்றும் செய்யவில்லை. மண்ணுக்குள் இருப்பதை மேலே ஓடும் தீ தொடாது. நான் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று அழுது நின்ற அந்தச் செடி மலை முழுக்க இருந்திருக்கிறது. அப்பா என் முப்பத்தேழையும் வெட்டிப் போட்டிருந்தால்கூட ஒன்றும் குறைந்திருக்காது.

நான் போய்ப் பார்க்கவில்லை. விறகுக்குப் போன அம்மா ஒரு கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்து சாமிப் படத்துக்கு வைத்தார். சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேரோட புடுங்கலயே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தண்டத்தான் ஒடிச்சேன். ஏன்?"

"ஒன்னுமில்ல. வேரப் புடுங்கக் கூடாதாம்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டேன். தண்ணீர் நிறைந்து வழிந்தும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். அடுத்த வாரம் வாத்தியார் சொன்னபடியே வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சீருடைகள் கரிச் சரிவில் ஏறுவதை அடுப்படி ஓட்டை வழியாகப் பார்த்தேன். வாசலில் வந்து, "பிள்ளை நிக்கிறாளோ?" என்று கேட்டார். அப்பா, "தண்ணிக்குப் போயிருக்குங்க சார்" என்றார். நான் இரண்டு எட்டுத் தள்ளித்தான் இருந்தேன்.

எனக்காக அப்பா சொன்ன பொய்கள் மூன்று. இரண்டைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது, பல வருடம் கழித்து. நான் தோட்டத்தில் பெயர் பதிந்து, கொழுந்தெடுத்து, கல்யாணமாகி அதே லயத்தில் வேறு காம்பராவுக்குப் போன பிறகு, இரண்டாயிரங்களில், மலைக்கு அந்தப் பக்கம் எரியாமல் மிஞ்சிய காட்டுக்குப் புதிதாக வந்த ஒரு வாட்ச்சர்ப் பையன் பேச்சுவாக்கில் சொன்னான்: "கச்சான்ல எரியிற மானாக் கதிரு பறந்துபோயி இருவது அடி தள்ளி விழுவுங்கக்கா. பட்டியெல்லாம் மெதுவா வார தீக்குத்தான்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அப்படியானால் அந்த ஆறடி காரணம் இல்லாமலும் இருக்கலாம். அப்பா நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த நேரம். கஞ்சி கொடுக்கப் போனபோது கேட்டேவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு அந்தப் பூ எடத்துலதான் தீ தாண்டுச்சா?"

அவர் மடங்காத விரல்களால் கஞ்சிக் கோப்பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அட, அத இன்னுமா நெனைச்சிட்டிருக்க? அந்த எடத்த நான் அந்த வாரமே செதுக்கிட்டேன் தாயி. நீ பள்ளிக்கூடம் போன நேரத்துல. ஒனக்குச் சொன்னா அழுவேன்னுதான் சொல்லல."

சொல்லிவிட்டு, நான் நம்பிவிட்டேனா என்று முகத்தைப் பார்த்தார். இரண்டு மாதம் தினமும் அந்த இடத்தை என் கையால் கூட்டினேன். விளக்குமாறு அறுத்த புல் கட்டையில் சரக் சரக் என்று தட்டும் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது. பீட் மாத்தயா ஆறில் நின்றதையும் பார்த்தேன். அப்பா அதையெல்லாம் மறந்துவிட்டார், அல்லது எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தார்.

"அப்படியாப்பா? சரி" என்றேன். அவர் கஞ்சியைக் குடித்தார். அந்த மாதமே போய்விட்டார்.

இப்போது லயத்தில் மாடு இல்லை. பால்மா பக்கட்டில் வருகிறது. மாடு இல்லாததால் பத்தனைக்கு யாரும் தீ வைப்பதில்லை. மானாப் புல் ஆளை மூடும் உயரத்துக்கு நிற்கிறது, அதற்குள் பைனஸ் குட்டிகள் தாமாகவே முளைத்து ஏறிக்கொண்டிருக்கின்றன. எரிந்த மரங்களை வெட்டி ஏற்றிய பிறகு லயத்துக்கு மேலே பல வருடம் வெறுமையாகக் கிடந்தது, பிறகு நட்ட கன்றுகள் இன்னும் உயரவில்லை, காற்று அடித்தாலும் சத்தம் இல்லை. கச்சானில் மழை என்று ஏமாந்து துணி எடுக்க ஓடுவது என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. கொம்புப்பூ அந்தத் தீக்குப் பிறகு நாலைந்து வருடம் பூத்தது, ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வந்தது, பிறகு ஒரு கார்த்திகையில் இல்லை. கிழங்கு புல்லுக்குக் கீழே காத்துக் கிடக்கிறதா, வதங்கி முடிந்துவிட்டதா, தெரியவில்லை. தோண்டிப் பார்க்க எனக்குக் கை வராது.

ஆனால் கினிபட்டி மட்டும் வருடா வருடம் செதுக்கப்படுகிறது. ஆனி மாதம் முடிந்ததும் ஒரு நாள் கொழுந்தை எடை போட்டுவிட்டு மேலே போய் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து பார்ப்பேன். நடந்தால்தான் அன்றைக்குத் தூங்க முடியும். இந்த வருடமும் போனேன். பன்னிரண்டு அடி, ஓரிடத்தில்கூட ஒரு சாண் விடாமல், சிவந்த மண் தெரியச் சுத்தமாகச் செதுக்கியிருந்தார்கள்.